வேலூரில் இருந்தபடியே ஆன்லைனில் ஒன்றரை வருடத்தில் நர்சிங் பட்டம் வாங்க முடியுமா?

வேலூரில் உட்கார்ந்துகொண்டு முடியாது. அமெரிக்காவில் குடியிருந்தால் முடியும், அதுவும் பாதிதான் ஆன்லைன். பி.இ. முடித்து ஐ.டி.யில் இருப்பதாகவும், ப்ளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் என்றும், கணவர் எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் கிளம்புகிறார் என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் நம்ம ஊர். ஆன்லைனிலோ அஞ்சல் வழியிலோ நடத்தக் கூடாத படிப்புகள் என்று யு.ஜி.சி.யின் 2020 விதிமுறை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, நர்சிங் அதில் உண்டு. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், ப்ளஸ் டூவில் உயிரியல் கட்டாயம். 1946லேயே நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கிய நம்ம வேலூர் சி.எம்.சி.யிலும் இதே கதைதான். ஜி.என்.எம். என்ற மூன்று வருட நர்சிங் டிப்ளமாவுக்கு நர்சிங் கவுன்சில் விதிப்படி வேறு குரூப்பும் சேரலாம், ஆனால் வயது 35ஐத் தாண்டியிருக்கக் கூடாது. கையில் பி.இ. இருக்கிறதே என்று யாரும் ஒரு செமஸ்டர்கூடக் குறைக்க மாட்டார்கள். 'ஓராண்டு நர்சிங்' என்று நோட்டீஸ் கொடுத்தால் அது நர்சிங் அசிஸ்டென்ட் சான்றிதழ். அதை வைத்து மாநிலக் கவுன்சிலில் நர்ஸாகப் பதிய முடியாது.

அமெரிக்காவில் இதற்குப் பெயர் ஏ.பி.எஸ்.என். வேறு துறையில் பட்டம் வாங்கியவர்களுக்கானது, 11 முதல் 18 மாதம். தியரி மட்டும் ஆன்லைன். லேப், கிளினிக்கல் (மருத்துவமனையில் செய்யும் பயிற்சி) இரண்டுக்கும் நேரில் போக வேண்டும், கிளினிக்கல் ஷிஃப்ட் பல இடங்களில் 12 மணி நேரம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

விளம்பரத்தில் வராத செலவு, முன்தேவைப் பாடங்கள், அதாவது கோர்ஸில் சேரும் முன்பே முடித்திருக்க வேண்டியவை. அனாட்டமி-ஃபிசியாலஜி இரண்டு பகுதி, மைக்ரோபயாலஜி, புள்ளியியல், பெரும்பாலும் வேதியியல், நியூட்ரிஷன், சைக்காலஜியும். ப்ளஸ் டூ பயாலஜியை அங்கே யாரும் கேட்பதில்லை, இவற்றைத்தான் கேட்பார்கள். அனாட்டமி முதல் பகுதி முடிக்காமல் இரண்டாம் பகுதி எடுக்க முடியாது. அதனால் கம்யூனிட்டி காலேஜில் இதற்கே ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிவிடும். உங்கள் எஞ்சினியரிங் மேத்ஸைப் புள்ளியியலாக ஏற்பார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம்.

பி.இ. நான்கு வருடம் என்பதால் நம்ம பட்டம் அமெரிக்கப் பட்டத்துக்குச் சமமா என்று பார்க்கும் மதிப்பீட்டில் சிக்கல் குறைவு. இதே யோசனையில் உள்ள பி.காம்., பி.எஸ்சி. தோழிகளுக்கு ஒரு வார்த்தை: மூன்று வருடப் பட்டத்தை முழுப் பட்டமாகக் கணக்கில் எடுக்காத மதிப்பீடுகளும் உண்டு. சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகமோ, சென்னையில் அண்ணா பல்கலைக்கழகமோ, உங்களுக்குப் பட்டம் கொடுத்தது எதுவோ அங்கே டிரான்ஸ்கிரிப்டுக்கு (பாடவாரி மதிப்பெண் சான்று) இப்போதே எழுதிப் போடுங்கள். கடல் தாண்டிய பிறகு அலைய ஆள் தேட வேண்டிவரும்.

விசா விஷயம். எஃப்-1 மாணவர் விசாவில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் முழுநேரப் படிப்புக் கணக்கில் சேரும், ஆகவே இந்தக் கோர்ஸ் ஒத்துவராது. எச்-1பிகாரரின் மனைவிக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் அந்தத் தடை இல்லை. ஆனால் வேலைக்குத் தனி அனுமதி வேண்டும், அது பெரும்பாலும் கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவர் நிறுவனம் போடும் மனு) ஒப்புதலான பிறகே வரும். இதைக் கணக்குப் போடாமல் ஃபீஸ் கட்டிவிட்டு, லைசென்ஸ் கையில் இருந்தும் வீட்டில் இருப்பவர்கள் உண்டு. கல்லூரியிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: நர்சிங் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்புகளான சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அங்கீகாரம் உண்டா, நான் இருக்கப்போகும் மாநிலத்தில் இருந்து மாணவர்களைச் சேர்க்கிறீர்களா, கிளினிக்கல் இடத்தை நீங்கள் பிடித்துத் தருவீர்களா. மூன்றாவதுக்கு மழுப்பினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

எஞ்சினியர்கள் வழுக்குவது மருந்தளவுத் தேர்வில்தான். பல கல்லூரிகளில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் வார்டுக்குள் விட மாட்டார்கள். 1000 மி.லி. சலைன், 8 மணி நேரம், மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட் என்றால் 1000ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுக்க வேண்டும். 41.67 வரும், நிமிடத்துக்கு 42 சொட்டு. கணக்கு எளிதுதான், தவறு அலகில் வரும். 176 என்று எடை கொடுத்தால் அது பவுண்டு. 2.2ஆல் வகுத்து 80 கிலோ ஆக்காவிட்டால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். அரை மில்லிகிராமை 0.5 என்று எழுத வேண்டும். முன்னால் சுழி இல்லாவிட்டால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடும். 5.0 என்று எழுதினால் 50 ஆகிவிடும்.

கடைசித் தேர்வு, நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ்: 85 முதல் 150 கேள்வி, அதிகபட்சம் 5 மணி நேரம்.

கிளினிக்கலுக்குத் தடுப்பூசிச் சான்றுகள் கேட்பார்கள், ஊரை விட்டுக் கிளம்பும் முன் அந்த வேலையைத் தொடங்குங்கள். சின்ன வயதுத் தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் தட்டம்மை, அம்மைக்கட்டு, ரூபெல்லா, சின்னம்மைக்கு ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பார்த்து ரிப்போர்ட் வாங்கலாம். பி.சி.ஜி. போட்டவர்களுக்கு டி.பி. தோல் சோதனை தடித்துக் காட்டலாம், அப்புறம் எக்ஸ்ரே என்று இழுப்பார்கள். ரத்தத்தில் பார்க்கும் ஐ.ஜி.ஆர்.ஏ. சோதனையில் அந்தக் குழப்பம் இல்லை, அதையே கேளுங்கள். ஹெபடைடிஸ்-பி வழக்கமாக மூன்று ஊசி: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். முதல் ஊசியை வேலூரிலேயே போட்டு, தேதியும் பேட்ச் எண்ணும் எழுதி ஆங்கிலத்தில் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.