லென்ஸை விற்காதீர்கள், மைத்துனருக்காகக் கையெழுத்தும் போடாதீர்கள்

கேள்வி: ராஜபாளையத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் திருமணப் புகைப்படம் எடுத்து வருகிறேன். சராசரி மாத வருமானம் 70,000 ரூபாய். என்னிடம் கேனான் 5டி மார்க் 4 கேமராவும் 24-70, 70-200 ஆகிய இரண்டு இ.எஃப். லென்ஸ்களும் ஃபிளாஷ்களும் உள்ளன. வீடியோ எடுக்கும் என் மைத்துனர், எல்லோரும் சோனிக்குப் போய்விட்டார்கள், நாமும் மாறிவிடலாம் என்கிறார். கேமரா, இரண்டு லென்ஸ், ஃபிளாஷ் சேர்த்து 5,60,000 ரூபாய். பழையவற்றை 1,40,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு, மீதியை வட்டியில்லாத் தவணையாக 24 மாதம் கட்டச் சொல்கிறது கடை. கடன் என் பெயரில். பாதியை மைத்துனர் தருவார். ட்ரோன் கடனுக்கும் அப்படித்தான் சொன்னார். கட்டிய 15 தவணைகளில் மூன்றுக்குத்தான் அவருடைய பங்கு வந்தது. 8,400 ரூபாய் வீதம் இன்னும் ஒன்பது தவணை பாக்கி. கையில் 2 லட்சம் சேமிப்பு உள்ளது. தை முகூர்த்தங்களுக்கு முன் வாங்கியாக வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: எந்த கேமரா என்று கேட்டிருக்கிறீர்கள், என் கண்ணில் முதலில் பட்டதோ ட்ரோன் கணக்குதான். தவணையில் பாதி 4,200 ரூபாய் என்றால், 15 மாதங்களில் மைத்துனர் தந்திருக்க வேண்டியது 63,000 ரூபாய். வந்தது 12,600. பாக்கி 50,400 ரூபாயை நீங்கள் கேட்கவும் இல்லை, கடிதத்தில் கணக்கிட்டுக் காட்டவும் இல்லை. அதற்குள் அதே வாக்குறுதியை நம்பி, ட்ரோனைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான கடனில் கையெழுத்திடத் தயாராகிவிட்டீர்கள். தவணை தவறினால் சிபில் மதிப்பெண் குறைவது உங்களுக்குத்தான். அவர் பெயர் அந்தக் கடன் பத்திரத்தில் எங்கும் இருக்காது.

மாதக் கணக்கைப் பாருங்கள். மீதி 4,20,000 ரூபாயை 24 ஆல் வகுத்தால் 17,500; ட்ரோனோடு சேர்த்து 25,900 ரூபாய். சராசரி 70,000 என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் உங்கள் தொழிலில் சராசரி எங்கே வருகிறது? அந்த மாதங்களிலும் வங்கி அதே தேதியில் பணத்தை எடுத்துக்கொள்ளும்.

வட்டியில்லாத் தவணை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பொறுமை போய்விடுகிறது. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று அந்தக் கடையில் கேளுங்கள். அவர்கள் குறைக்கும் தொகைதான் நீங்கள் கட்டப்போகும் வட்டி. செயலாக்கக் கட்டணம் தனி. கிரெடிட் கார்டு வழியாகப் போனால் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும்.

இனி கேமராவுக்கு வருகிறேன். உங்கள் முதலீட்டில் மதிப்பு மிகுந்தது கேமராவின் உடல் (பாடி) அன்று, லென்ஸ்தான். கேனானின் புதிய ஆர் வரிசை உடலில் உங்கள் பழைய வரிசை இ.எஃப். லென்ஸ்களை அந்த நிறுவனத்தின் அடாப்டர் வளையத்தைக் கொண்டே பொருத்தலாம். பழைய வரிசையில் லென்ஸ் பொருந்தும் விளிம்புக்கும் படத்தைப் பதிவுசெய்யும் சென்சாருக்கும் இடையே 44 மில்லிமீட்டர், புதியதில் 20. நடுவிலுள்ள 24 மில்லிமீட்டரை நிரப்புவதுதான் அந்த வளையத்தின் வேலை. அதற்குள் கண்ணாடி எதுவும் இல்லாததால் படத்தின் தரம் குறையாது, ஆட்டோஃபோகஸும் இயங்கும். ஆர்6 மார்க் 2 போன்ற உடலில் உங்கள் எல்.பி.-இ6என் பேட்டரிகளும் எஸ்.டி. மெமரி கார்டுகளும் கேனான் ஃபிளாஷும் தொடர்ந்து பயன்படும், சி.எஃப். கார்டுகள் மட்டும் பழைய கேமராவோடு நின்றுவிடும். ஃபில்டரும் ட்ரைபாடும் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் கூடவே வரும் என்பதால் அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. சோனிக்குப் போனால் ஃபிளாஷின் டி.டி.எல்., அதாவது ஒளியின் அளவைத் தானாகவே சரிசெய்யும் வசதி, வேலை செய்யாது, பேட்டரி பொருந்தாது, லென்ஸோ பாதி விலைக்கும் கீழே போய்விடும். கேனான் லென்ஸைச் சோனியில் மாட்டப் பிற நிறுவனங்களின் வளையங்கள் உண்டு என்பது உண்மைதான். தாலி கட்டும் நொடியை அவற்றை நம்பி ஒப்படைக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

உடலும் வளையமும் சேர்ந்து சுமார் 2,10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பிலிருந்து 1,50,000 கொடுங்கள். 50,000 ரூபாயைத் தொடவே வேண்டாம். மீதி 60,000 ரூபாயைத் தை முதல் ஆனி வரை ஆறு தவணையாக, வட்டி நீங்கலாக மாதம் 10,000 வீதம், ஆடி பிறப்பதற்குள் முடித்துவிடலாம். பழைய 5டியை விற்காதீர்கள், மண்டபத்தில் இரண்டாவது உடல் கையில் இருக்கட்டும். வாங்குவதற்கு முன் உங்கள் லென்ஸ்களைக் கடைக்கே எடுத்துச்சென்று, வெளிச்சம் குறைந்த மூலையில் நடந்துவரும் ஒருவரை நூறு படமாவது எடுத்துப் பாருங்கள்.

மைத்துனரிடம் 50,400 ரூபாய்க் கணக்கைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் உங்கள் மனைவியும் உடனிருக்கும்போதே கொடுப்பது நல்லது, பின்னால் வேறு விதமாகப் போய்ச் சேராது. சோனிதான் வேண்டும் என்றால் அவர் தம் பெயரில் வாங்கட்டும், அல்லது நிகழ்ச்சி நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து, அந்தத் தொகையை வீடியோ கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளட்டும்.