ஸ்பீக்கிங்கில் 6 வாங்கிய நர்ஸுக்கு இன்னொரு கோச்சிங் வேண்டாம்

மகள் பி.எஸ்சி. நர்ஸிங் முடித்துவிட்டு வார்டில் வேலை பார்க்கிறாள். பிரிட்டன் போவதற்காக எழுதிய ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில், ஸ்பீக்கிங்கில் இரண்டு முறையும் 6தான், தேவை 7. ஹாஸ்டலோடு கோச்சிங்கில் சேர்க்கச் சொல்கிறார் பெரியப்பா. லோன் போட்டு லண்டனில் எம்.எஸ்சி. படிக்க வை என்கிறார் மாமா. என்ன செய்வது என்று நாகர்கோவிலிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்.

உங்கள் கவலை நியாயமானதுதான் அம்மா. ஆனால் இரண்டுமே வேண்டாம். எம்.எஸ்சி. பட்டம் மட்டும் அவளை அங்கே பதிவுபெற்ற நர்ஸ் ஆக்காது. நர்ஸ் பதிவுக்கான சி.பி.டி. (கணினித் தேர்வு), ஆஸ்கி (செய்முறைத் தேர்வு) இரண்டையும் அதற்குப் பிறகும் எழுதத்தான் வேண்டும், கடன் தனி. வார்டு வேலைதான் பிடிக்கும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். முடிவு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஐ.இ.எல்.டி.எஸ். ஸ்பீக்கிங்கில் ஏதோ ஒரு பொதுத் தலைப்பைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை தனியாகப் பேசச் சொல்வார்கள். அங்கேதான் பல நர்ஸுகள் திணறுகிறார்கள். மனப்பாடப் பதில்களை வைத்து அதைச் சமாளிக்க முடியாது, தேர்வாளர் கண்டுபிடித்துவிடுவார்.

அவள் எழுத வேண்டியது ஓ.இ.டி., அதாவது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நர்ஸிங் பதிவுக்கு இது செல்லும். பிரிட்டனுக்கு ஸ்பீக்கிங்கில் 'பி', அதாவது 500க்கு 350 போதும். இதில் இரண்டு ரோல்-பிளே. அவள் நர்ஸாகவே பேசுவாள்; எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். ஒவ்வொன்றுக்கும் தயாராக 3 நிமிடம், பேச சுமார் 5 நிமிடம். சூழலும் செய்ய வேண்டிய பணிகளும் எழுதிய அட்டை கையிலேயே இருக்கும், அதில் குறிப்பும் எழுதலாம்.

அந்த 3 நிமிடத்தில் முதலில் சூழலைப் படிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பணியிலும் 'கேட்டறி', 'விளக்கு', 'சம்மதிக்க வை' போன்ற வினைச்சொல்லை அடிக்கோடிட வேண்டும். 'ஹைப்பர்டென்ஷன்' என்று அட்டையில் இருந்தால் பக்கத்தில் 'ஹை பிளட் பிரஷர்' என்று எழுதிக்கொள்ளட்டும். நோயாளிக்குப் புரியாத மருத்துவச் சொல் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

மொழிக்கு மட்டுமல்ல, நோயாளியோடு பழகும் விதத்துக்கும் இங்கே மதிப்பெண் உண்டு. இது தெரியாமல், பலர் உட்கார்ந்ததும் அறிவுரையைக் கொட்டுகிறார்கள். "வாட் டூ யூ ஆல்ரெடி நோ அபவுட் திஸ்?" என்று முதலில் கேட்க வேண்டும். இரண்டு விஷயம் சொன்னதும் நிறுத்தி, புரிந்ததா என்று பார்க்க வேண்டும். ஊசிக்குப் பயம் என்று நோயாளி சொன்னால், "டோன்ட் வொரி" என்று தாண்டிப் போகக் கூடாது. என்ன பயம் என்று கேட்டு, அந்தப் பதிலுக்கேற்ப விளக்க வேண்டும். நம் ஊர் உச்சரிப்பு இருப்பது குற்றமில்லை. வேகமாகப் பேசி, சொல்லின் கடைசி எழுத்துகளை விழுங்குவதுதான் குற்றம்.

பயிற்சிக்கு ஓ.இ.டி. தளத்தில் மாதிரி அட்டைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உடன் வேலை செய்யும் தோழி நோயாளியாகட்டும். போனில் பதிவு செய்து, மகள் எத்தனை கேள்வி கேட்டாள், எங்கே நோயாளியின் பேச்சை மறித்தாள் என்று இருவரும் கேட்டுக் குறிக்கட்டும். அதே அட்டையை மறுநாள் திரும்பச் செய்யட்டும்.

ஓ.இ.டி. கட்டணம் ஐ.இ.எல்.டி.எஸ்.ஸைவிடக் கணிசமாக அதிகம். அதனால், புதிய அட்டைகளில் எல்லாப் பணிகளையும் 5 நிமிடத்துக்குள் நிதானமாக முடிக்கும்வரை தேதி பதிவு செய்யாதீர்கள். பிரிட்டன் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் உங்களிடம் கட்டணம் கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வேலை தேடுபவரிடம் அதற்குக் கட்டணம் வாங்குவதை அந்நாட்டு நடத்தை விதிகளே தடுக்கின்றன.