விளையாட்டின் வரலாறு, பண்பாடு, வணிகம் பற்றிப் படிக்க நல்ல புத்தகங்கள் எவை? தமிழில் ஏதாவது இருக்கிறதா?

கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போயிருப்பேன். அதற்கு முதலில் வந்திருக்கும் பதில்தான் என்னை உட்கார வைத்துவிட்டது. "விளையாட்டை விளையாடத்தான் வேண்டும், படிக்க அதில் என்ன இருக்கிறது?" என்கிறார் ஒருவர். இதையே இருபத்தெட்டு வருடம் ஆசிரியர் அறையில் கேட்டவன் நான். மதுரையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். கழுத்தில் விசில் தொங்கினால் கையில் புத்தகம் இருக்கக் கூடாது என்று எவனோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

நீங்கள் கல்லூரி மாணவராக இருப்பீர்கள். துறையில் இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் கொடுத்திருப்பார்கள், எதைத் திறந்தாலும் தூக்கம் வந்திருக்கும். ஆகவே நான் நாலே நாலுதான் சொல்லப்போகிறேன். நான் ஆராய்ச்சியாளன் அல்ல. இதைவிட நல்ல புத்தகங்கள் இருக்கின்றன என்று யாராவது வந்தால், இருக்கட்டும், அவர் எழுதட்டும்.

முதலாவது, சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. 'எழுத்து' பத்திரிகை நடத்திய அதே செல்லப்பாதான். வத்தலக்குண்டில் வளர்ந்தவர், நம் பக்கத்து ஆள். ஜல்லிக்கட்டைப் பற்றிய குறுநாவல், காளை வெளியே வரும் வாசலுக்குத்தான் அந்தப் பெயர். நூறு பக்கம்கூட வராது. வரலாறு கேட்டால் நாவலைக் கொடுக்கிறாயே என்பீர்கள். தன் அப்பனைக் குத்திக் கொன்ற காரிக் காளையை அணைய, அதாவது திமிலைத் தழுவி அடக்க, வருகிறான் பிச்சி. காளை ஜமீன்தாருடையது. அவன் கை திமிலில் விழுந்தால் அடங்குவது மாடு மட்டும்தானா? இதற்கு மேல் ஒரு வரலாற்றுப் புத்தகம் என்ன சொல்லிவிடப் போகிறது? ஜல்லிக்கட்டு வேண்டுமா வேண்டாமா என்று என்னிடம் வழக்குக்கு வர வேண்டாம். 2014இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2017 ஜனவரியில் மதுரை தமுக்கம் மைதானத்தில் பிள்ளைகள் இரவு பகலாக உட்கார்ந்தார்கள், சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023இல் அதே நீதிமன்றமே சொல்லிவிட்டது. நான் பேசுவது புத்தகத்தைப் பற்றி.

ஓர் ஐப்பசி மாதம், மைதானத்தில் முழங்கால் அளவு தண்ணீர். ஒன்பதாம் வகுப்புப் பையன்களை வகுப்பறையிலேயே அடைத்துவைத்து, வேறு வழியில்லாமல் பையில் கிடந்த 'வாடிவாசலை' எடுத்து வாசித்தேன். முதலில் சலசலப்பு. பிச்சி வாடிவாசல் அணைமரத்தின் ஓரம் போய் நின்றதும் அது அடங்கிவிட்டது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். பாலமேட்டுப் பக்கத்துப் பையன், வீட்டில் காளை உண்டு. தமிழ்ப் பாடத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். "அய்யா, அணைகிறவன் எட்ட நிற்கக் கூடாது" என்றவன், முன்னால் வந்து மேசைமேல் ஒரு புத்தகப் பையை நிறுத்தி வைத்தான். அதுதான் திமில். வலக்கையை அதைச் சுற்றிப் போட்டு, தாடையை அதன்மேல் அழுத்தி, விலாவை மேசையோடு ஒட்டிக்கொண்டான். "இப்படி ஒட்டிவிட்டால் கொம்பு வராது. பயந்து விலகினால்தான் அதற்கு இடம் கிடைக்கும்." நாற்பது பையன்களும் மூச்சுவிடவில்லை. மாலையில் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனான். பத்து நாள் கழித்து, அட்டையில் பருத்திக்கொட்டைப் பிசுக்கோடு திரும்பி வந்தது. அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினானாம். கடைசிப் பக்கத்தில் அப்பத்தா ஜமீன்தாரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அந்தச் சூட்டோடு தலைமை ஆசிரியரிடம் போனேன். விளையாட்டு நிதியில் நூலகத்துக்குப் பத்துப் புத்தகம் வாங்கலாமா என்று கேட்டேன். "உங்களுக்கு எதற்கு சார் புத்தகம்? பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு கேளுங்கள், தருகிறேன்" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கேட்ட பம்பும் வரவில்லை, அது வேறு.

பம்பு வந்திருந்தால்தான் என்ன, மைதானம் இருந்ததா? முகூர்த்த நாள் என்றால் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்த, பள்ளியில் எங்கள் மைதானத்தைக் கொடுத்துவிடுவார்கள். வாடகை எந்தக் கணக்கில் ஏறியது என்று எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. திங்கட்கிழமை காலையில் கபடிக் களத்தில் வேன் டயர் பள்ளம், எச்சில் இலை, சோடா பாட்டில் சில்லு. கட்டிய களத்தைத் திரும்பக் கட்டுவதற்குள் அடுத்த முகூர்த்தம். வைகாசி மாதம் பள்ளி விடுமுறையாக இருப்பது ஒன்றுதான் ஆறுதல். சரி, கேட்டது இதையல்ல.

பள்ளி வாங்காததைத் தமுக்கம் புத்தகக் கண்காட்சியில் நானே வாங்க ஆரம்பித்தேன். ராமச்சந்திர குஹாவின் 'எ கார்னர் ஆஃப் எ ஃபாரின் ஃபீல்ட்' (2002) அப்படி வாங்கியதுதான். இந்தியக் கிரிக்கெட்டின் வரலாறு. பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படித்து முடிக்க நாலு மாதம் ஆனது. ஆங்கிலப் புத்தகத்தைச் சொல்லிப் பீற்றுகிறான் என்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அதில் பல்வங்கர் பாலு வருகிறார். தலித். புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் களம் சமன் செய்தவர், அங்கேயே வலையில் பந்து போட்டுப் பழகியவர். 1911இல் இந்திய அணியின் இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கு மேல் விக்கெட் எடுத்தார். ஊரில் அவருக்குத் தேநீர் எங்கே, எதில் கொடுத்தார்கள் தெரியுமா? பெவிலியனுக்கு வெளியே, மண் குவளையில். அன்று மதவாரியாக அணி பிரித்து ஆடினார்கள், அதில் இந்துக்கள் அணிக்கு அவரைக் கடைசிவரை கேப்டன் ஆக்கவே இல்லை. தம்பி விட்டலுக்குத்தான் அது 1923இல் கிடைத்தது. இதைப் படித்த பிறகு, தண்ணீர்ப் பானைப் பக்கம் எந்தப் பையன் தயங்கி நிற்கிறான் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. பார்த்தேன், இரண்டு பேர் நின்றார்கள்.

இதோடு சி. எல். ஆர். ஜேம்ஸின் 'பியாண்ட் எ பவுண்டரி' (1963) சேர்த்துப் படியுங்கள். மேற்கிந்தியத் தீவான டிரினிடாடில் எந்த கிரிக்கெட் கிளப்பில் ஆடுவது என்பதைத் தோலின் நிறம் தீர்மானித்த கதை. ஜேம்ஸ் தானே தவறான கிளப்பில் சேர்ந்ததை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நடை கொஞ்சம் கடினம், விட்டுவிட்டுப் படிக்கலாம்.

வணிகம் என்றால் எல்லோரும் ஐ.பி.எல். என்பார்கள். 2023 முதல் 2027 வரை ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. 410 ஆட்டம் என்று வகுத்தால் ஆட்டத்துக்கு 118 கோடி. தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம், முதலில் நம் ஊர்த் திருவிழாக் கபடி நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். முதல் பரிசு வழங்குபவர், சுழற்கோப்பை வழங்குபவர், அன்னதானம் வழங்குபவர் என்று வேட்டி சட்டையில் வரிசையாகப் படங்கள். அடியில் பொடி எழுத்தில் நுழைவுக் கட்டணம், நடுவர் தீர்ப்பே இறுதியானது. தொடை கிழிய ஆடப்போகிறவன் பெயர் ஒன்றுகூட இருக்காது. அந்த 118 கோடியும் இதே நோட்டீஸ்தான், தாள் பெரிது.

இதற்குத் துணையாக மைக்கேல் லூயிஸின் 'மணிபால்' (2003). பேஸ்பால் எனக்கு இன்றும் புரியாது, ஆனாலும் இரண்டு முறை படித்துவிட்டேன். 2002இல் ஓக்லண்ட் அணி, தன்னைப்போல மூன்று மடங்கு சம்பளம் கொடுத்த நியூயார்க் யாங்கீஸுக்குச் சமமாக 103 ஆட்டம் வென்றது. மற்றவர்கள் பார்வைக்குப் பிடிக்கவில்லை என்று ஒதுக்கியவர்களை, எத்தனை முறை ஆட்டமிழக்காமல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று முக்கியமாக எண்ணி எடுத்ததுதான் வழி. படித்த வருடம் நானும் ஒரு நோட்டு போட்டு, எவன் எத்தனை போனஸ் புள்ளி எடுக்கிறான் என்று குறித்தேன். தோளும் தொடையும் பார்த்து நான் உட்கார வைத்திருந்த ஒல்லிப் பையன் முதலிடத்தில் வந்தான். இருபது வருடமாக எத்தனை பேரை அப்படி உட்கார வைத்தேன் என்று அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

வாங்க வசதியில்லை என்றால் புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். என் 'வாடிவாசல்' பிரதியைக் கேட்டு யாரும் செய்தி அனுப்ப வேண்டாம். அந்தத் தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்ற அன்று, "படித்துவிட்டுத் தருகிறேன் சார்" என்று வாங்கிப் போனார். பருத்திக்கொட்டைப் பிசுக்கோடு அது இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.