புத்தகம் போடப் பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 23 வயது. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். 14 சிறுகதைகள் எழுதி வைத்திருக்கிறேன். எதுவும் அச்சில் வந்ததில்லை. 45,000 ரூபாய் கட்டினால் 300 பிரதி போட்டு, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் கொண்டுவந்துவிடலாம் என்கிறார் ஒரு பதிப்பாளர். அதில் 5,000 ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண்ணுக்காம். அப்பா கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார். கட்டலாமா? பத்திரிகைக்கு அனுப்பினால் கதையைத் திருடிவிடுவார்கள் என்றும் நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கட்டாதீர்கள் தம்பி. அதுவும் கடன் வாங்கி வேண்டவே வேண்டாம்.

முதலில் அந்த 5,000 ரூபாயைப் பார்ப்போம். நம் நாட்டில் ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கொடுக்கிறது, இலவசமாக. எழுதியவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். காசு இல்லாமல் கிடைப்பதற்கு 5,000 கேட்பவரிடம் மிச்சக் கணக்கையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். 300 பிரதிக்கு 45,000 என்றால் பிரதிக்கு 150 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகிறது. புத்தகம் கடைக்குப் போகும் முன்பே அவருடைய லாபம் அவருக்கு வந்துவிட்டது. அப்புறம் அதை விற்க அவர் ஏன் மெனக்கெட வேண்டும்? 50 பிரதி, 100 பிரதி என்று தேவைக்கு அச்சடித்துக்கொள்கிற காலம் இது. 300 பிரதியும் அச்சானதா என்று நீங்கள் எண்ணிப் பார்க்கப்போவதும் இல்லை. நூலக ஆணை வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். நூலகத்துக்கு எந்தப் புத்தகத்தை வாங்குவது என்பது பதிப்பாளர் கையில் இல்லை.

சொந்தக் காசில் புத்தகம் போடுவதே தப்பு என்று சொல்லவில்லை. தமிழில் நல்ல கவிதைத் தொகுப்புகள் பல அப்படித்தான் வந்திருக்கின்றன. ஆனால் உங்கள் கதைகளை வெளியாள் ஒருவர்கூட இன்னும் படிக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆகவே தொகுப்பை மறந்துவிட்டு ஒரே ஒரு கதையை எடுங்கள். ஆனந்த விகடன் போன்ற வார இதழுக்கா, காலச்சுவடு, உயிர்மை, கணையாழி மாதிரி இலக்கிய இதழுக்கா என்பதைக் கதைதான் தீர்மானிக்கும். சொல்வனம், வாசகசாலை போன்ற இணைய இதழ்களை மட்டம் என்று நினைக்காதீர்கள். இன்று புதியவர்கள் பலருடைய முதல் கதை இணையத்தில்தான் வருகிறது. எந்த இதழாக இருந்தாலும் நாலைந்து இதழ்களைப் படித்துவிட்டு அனுப்புங்கள். படிக்காமல் அனுப்பியிருக்கிறார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி எழுத்துருவில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத்தான் திறக்கும். பி.டி.எஃப். மட்டும் அனுப்பினால் திருத்த முடியாது. வேர்டு கோப்பையும் இணையுங்கள். கடிதம் நாலு வரி போதும்: கதையின் தலைப்பு, உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண், ‘இது என் சொந்தக் கற்பனை, வேறெங்கும் வெளியாகவில்லை’ என்ற உறுதிமொழி. கதை எதைப் பற்றியது என்று விளக்க வேண்டாம், சிறுவயதிலிருந்தே எழுத்து என் உயிர்மூச்சு என்பதும் வேண்டாம். அந்த உறுதிமொழி பொய்யாகாமல் இருக்க, கதையை முன்கூட்டியே முகநூலில் போடாதீர்கள். ஒரே கதையை ஒரே சமயத்தில் நாலு இதழுக்கு அனுப்பவும் கூடாது. இரண்டு இதழில் ஒன்றாக வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களும் உங்களை மறக்க மாட்டார்கள்!

மூன்று மாதம் பொறுங்கள். பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லையென்றால் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இதழ். பெரும்பாலும் பதில் வராது. அது அவமதிப்பு இல்லை, ஆள் பற்றாக்குறை. அந்த மூன்று மாதமும் சும்மா இருக்காமல் மற்ற 13 கதைகளைத் திருத்துங்கள். அதில் ஐந்தாறை நீங்களே ஒதுக்கிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

ஐந்தாறு கதைகள் வெளிவந்த பிறகு பதிப்பாளரிடம் போவது வேறு மாதிரி இருக்கும். அப்போதும் ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள். ராயல்டி, அதாவது விற்கும் பிரதிக்கு எழுதியவருக்கு வரும் பங்கு, பொதுவாக விலையில் 10 சதவீதம். எத்தனை வருடத்துக்கு உரிமை கொடுக்கிறீர்கள் என்ற வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அது ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். ‘நிரந்தரமாக’ என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மின்னூல், ஒலிநூல், திரைப்பட உரிமைகளைத் தனித்தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

ஜனவரி போனால் அடுத்த ஜனவரி. இளம் எழுத்தாளர்களுக்கான சாகித்திய அகாடமியின் யுவபுரஸ்கார் விருதுக்கே 35 வயது வரை இடம் தருகிறார்கள். உங்களுக்கு என்ன அவசரம்?

திருட்டைப் பற்றி: கதையை எழுதிய நொடியே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயமில்லை. பயம் தீரவில்லை என்றால் இந்தியப் பதிப்புரிமை அலுவலகத்தில் 500 ரூபாய் கட்டிப் பதியலாம். இல்லையென்றால் அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள். என்றைக்கு எழுதினீர்கள் என்பதற்கு அந்தத் தேதி ஒரு சாட்சி.