சி.கே. இறங்கினால் நோய் இறங்கியதாக அர்த்தமா?

முதலில் மாத்திரை விஷயம், அப்புறம் மற்றதெல்லாம்.

டுஷென் தசைச்சிதைவு நோய் உள்ள உங்கள் 9 வயது மகனுக்கு ரத்தத்தில் சி.கே. என்ற தசை நொதியின் அளவு 18,000-லிருந்து 9,000-க்கு வந்துவிட்டது, கல்லீரலுக்காகப் பார்க்கிற எஸ்.ஜி.பி.டி. மட்டும் ஏறியே இருக்கிறது என்று, 2 வருடமாகக் கொடுத்துவந்த ஸ்டீராய்டை 5 நாளாக நிறுத்திவைத்திருப்பதாகக் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்த கையோடு உங்களுக்குப் போன் செய்து, அன்றே அவனுடைய நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொன்னேன். இதே யோசனையில் இருக்கிற மற்ற பெற்றோருக்காக இங்கேயும் சொல்கிறேன்.

தினமும் ஸ்டீராய்டு போய்க்கொண்டிருந்தால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அது உடனே விழித்துக்கொள்ளாது. வாந்தி, வயிற்றுவலி, துவண்டு கிடப்பது, எழுப்பினாலும் சரியாகக் கண் திறக்காதது: இதைப் பார்த்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வார்த்தையாக, 'இவன் ஸ்டீராய்டு சாப்பிடுகிற பிள்ளை' என்று சொல்லுங்கள். காய்ச்சலில் மாத்திரையை வாந்தி எடுத்துவிட்டாலும் இதே அவசரம்தான். குறைப்பதோ நிறுத்துவதோ, எழுதிக்கொடுத்தவர் படிப்படியாகச் செய்யவேண்டிய வேலை.

சரி, அந்த 9,000. சி.கே. தசையில் இருக்கும் நொதி. தசைநார் சிதையும்போது ரத்தத்தில் கசியும். இந்த நோயில் சின்ன வயதிலேயே அது ஆயிரக்கணக்கில் எகிறி நிற்கும். வயது ஏற ஏறத் தானாக இறங்கும். கசிவதற்கு மிச்சமிருக்கும் தசை குறைந்துகொண்டே வருகிறது, அவ்வளவுதான். வைகை வற்றிக் கிடக்கும்போது கரை உடைவதில்லை; அதற்காகக் கரை பலமாகிவிட்டது என்போமா? ஓடியாடிய மறுநாள் எடுத்தால் ஓர் எண், படுத்திருந்த வாரம் எடுத்தால் வேறோர் எண். நோயைக் கண்டுபிடிக்க சி.கே. அருமையான சோதனை. மாதாமாதம் குத்தி எடுத்து நோட்டில் எழுதிவைப்பதால் பலனில்லை.

எஸ்.ஜி.பி.டி.யும் தசையிலிருந்து வருவதுதான். கல்லீரல் கெட்டால் ஏறுகிற, தசையிலிருந்து வராத ஜி.ஜி.டி. சரியாக இருக்கிறதென்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு கல்லீரல் பயம் எதற்கு? கீழாநெல்லியை நிறுத்துங்கள். சிறுநீரில் டைட்டின் என்ற தசைப் புரதம் பார்ப்பது, ரத்தத்தில் புதுப்புதுப் புரதங்கள் பார்ப்பது என்று யூடியூபில் கேட்டதெல்லாம் இப்போதைக்கு ஆய்வுக்காரர்களின் கருவிகள். அதற்காக மதுரையில் லேப் லேபாக அலையாதீர்கள்.

பாயில் மல்லாந்து படுத்திருக்கிறவன் எப்படி எழுந்திருக்கிறான்? குப்புறப் புரண்டு, கையை ஊன்றி, முழங்காலைப் பிடித்து, தன் தொடையிலேயே ஏறுகிற மாதிரி நிமிர்வான். அதற்கு எத்தனை விநாடி ஆகிறது, 10 மீட்டர் நடக்க எத்தனை விநாடி என்று 6 மாதத்துக்கு ஒருமுறை பிசியோதெரபிஸ்ட் குறித்து வைக்கட்டும். எந்த எண்ணைவிடவும் அது நிஜம் பேசும். மூச்சு வாங்கவில்லை என்றாலும் வருடம் ஒருமுறை இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எடுக்கவேண்டும், பெரியாஸ்பத்திரியிலேயே எடுக்கலாம்.

அத்தை மகனைக் கட்டியதால் வந்தது என்று ஊரில் பேசுகிறார்களாம். பேசட்டும். இந்த மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில்; பையனுக்கு அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். அசலில் கட்டியிருந்தாலும் இதே கதைதான். 'அப்படியானால் என் ரத்தம்தானா?' என்று உடனே கேட்பீர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு அம்மாவிடம் எந்தக் கோளாறும் இல்லாமல் புதிதாகவே வருகிறது. உங்கள் மரபணுவைச் சோதித்தால் தெரிந்துவிடும். அதைக் குற்றவாளியைக் கண்டுபிடிக்க எடுக்கச் சொல்லவில்லை. கோளாறைச் சுமக்கும் தாய்மாருக்கு, கைகால் நன்றாக இருந்தாலும், இதயத் தசை பலவீனமாகலாம். நான்கு பக்கக் கடிதத்தில் உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. மகனை எக்கோவுக்குக் கூட்டிப்போகும் அன்று நீங்களும் ஒன்று எடுத்துவிடுங்கள்.