அப்டேட் பக்கத்தில் குரோமில் காலிக் கட்டம், ஃபயர்ஃபாக்ஸில் எண் போட்ட கட்டம், மொபைலில் பச்சை டிக். எதை நம்பி அப்டேட் செய்வது? பக்கத்தில் ஒரு பச்சை மேல்நோக்கு அம்பு வேறு இருக்கிறது, அதற்கு என்ன பொருள்?

இப்போதைக்கு எதையும் நம்பாதீர்கள், அப்டேட் பொத்தானிலும் கை வைக்காதீர்கள். நீங்கள் சொல்வது அத்தனையும் எங்கள் கல்லூரியில் அப்படியே நடந்தது. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் கணினி மையத்தில் இருக்கிறேன். மாணவர்களின் உள்மதிப்பெண் போடுகிற மென்பொருளுக்குப் புது வெர்ஷன் வந்திருந்தது. அன்று நான் வெளியூரில். அலுவலகத்தில் இருந்த அக்காவிடம் போனில் சொல்லிச் சொல்லி அப்டேட் செய்ய வைத்தேன். பொத்தானுக்கு மேலே ஏழெட்டு வரி, ஒவ்வொரு வரியின் முன்னாலும் ஒரு குறி. அக்கா சொன்னார்: "தம்பி, ஒரு கட்டத்துலயும் டிக் விழ மாட்டேங்குது. நானும் கிளிக் பண்ணிப் பண்ணிப் பார்த்துட்டேன்."

"அது கட்டாயம் இருக்காதுக்கா, விட்டுட்டு அப்டேட்டை அழுத்துங்க" என்றேன். நான் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. அப்டேட் பாதியில் நின்றது. கையில் இருந்த பேக்கப் மூன்று நாள் பழையது. அந்த மூன்று நாள் மதிப்பெண்களையும் ஆசிரியர்கள் தாளைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தார்கள். இரவு வரை உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலை அதே கணினியில் அதே பக்கத்தை ஃபயர்ஃபாக்ஸில் திறந்தேன். காலிக் கட்டங்கள் இருந்த இடத்தில் எல்லாம் பொடி எழுத்து போட்ட கட்டங்கள். கண்ணைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தால் மேல் வரிசையில் எஃப்0, கீழ் வரிசையில் 0சி. எல்லா வரியிலும் அதுவேதான். "பேக்கப்" என்ற வரியில் மட்டும் கீழே 0டி. விஷயம் அந்த ஒரே எழுத்தில் இருந்தது. இரண்டு வரிசையையும் சேர்த்துப் படித்தால் வருவது ஒரு குறியீடு: எஃப்00சி என்றால் டிக், எஃப்00டி என்றால் பெருக்கல் குறி. பேக்கப் எடுக்கவில்லை என்று அந்தப் பக்கம் எங்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. குரோமில் இரண்டுமே ஒரே மாதிரிக் காலிக் கட்டமாகத் தெரிந்ததால், டிக் செய்ய மறந்த கட்டம் என்று அக்கா நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

இதன் காரணம் இதுதான். பல மென்பொருள்களில் டிக், பெருக்கல், எச்சரிக்கை முக்கோணம் போன்றவை படங்கள் கிடையாது, ஒரு ஃபான்ட்டில் உள்ள எழுத்துகள். ஃபான்ட் ஆசம் என்ற பிரபலமான ஐகான் ஃபான்ட்டில் மேலே சொன்ன இரண்டு குறியீடுகளும் இருக்கின்றன. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் இ000 முதல் எஃப்8எஃப்எஃப் வரையிலான 6,400 இடங்களுக்கு யாரும் பொதுவான பொருள் கொடுக்கவில்லை. தனிப்பயன்பாட்டுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். ஐகான் ஃபான்ட்கள் பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கின்றன. ஃபான்ட் வந்து சேரவில்லை என்றால், அந்த எழுத்தை எப்படிக் காட்டுவது என்று பிரவுசருக்குத் தெரியாது. குரோம் போன்றவை வெறும் கட்டம் போடும். ஃபயர்ஃபாக்ஸ் கட்டத்துக்குள் குறியீட்டையே எழுதிக் காட்டும். எனக்கு ஃபயர்ஃபாக்ஸ் செய்வதுதான் பிடித்திருக்கிறது. அழகாக இருக்காது, ஆனால் துப்பு கொடுக்கிறது.

எங்கள் மென்பொருள் அந்த ஃபான்ட்டை வெளியே உள்ள ஒரு சர்வரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. வெளி இணைப்புகளை வடிகட்டுகிற கல்லூரி ஃபயர்வால் அதை மறித்திருந்தது. உங்கள் மொபைலில் மட்டும் பச்சை டிக் வருகிறது என்றால், மொபைல் டேட்டா அலுவலக ஃபயர்வால் வழியாகப் போகவில்லை என்பது காரணமாக இருக்கலாம். மொபைலை அலுவலக வைஃபையில் இணைத்து, பிரைவேட் விண்டோவில் திறந்து பாருங்கள். அங்கேயும் கட்டம் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

உறுதி செய்ய இன்னொரு வழி: கணினியில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் ஃபான்ட் என்று வடிகட்டிவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். வராத ஃபான்ட் சிவப்பில் நிற்கும். கட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுத்தால், பெரும்பாலும் 'செக்', 'டைம்ஸ்' என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். 'டைம்ஸ்' என்றால் பெருக்கல் குறி. திரையில் என்ன தெரிந்தாலும் மென்பொருள் சொல்ல வந்தது அந்தப் பெயரில் இருக்கிறது.

டிக் குறியை எமோஜியாகப் போடுகிறவர்களும் உண்டு. அதில் வேறு சிக்கல். பச்சைப் பெட்டியில் வருகிற டிக்குக்கு யூனிகோடில் பெயரே "வெள்ளைத் தடித்த டிக்" தான். அங்கே வெள்ளை என்றால் உள்ளே நிரப்பாத வெளிக்கோடு என்று பொருள், நிறம் பற்றிய பேச்சே இல்லை. எங்கள் லேபில் கிடந்த விண்டோஸ் 7 கணினிகளில் குரோம் அதைக் கறுப்பு வெள்ளைக் கோடாகக் காட்டும். ஃபயர்ஃபாக்ஸோ 2016-இல் வந்த 50-ஆம் வெர்ஷனிலிருந்து பழைய விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் தன் எமோஜிகளைத் தானே கொண்டு வருவதால் பச்சையிலேயே காட்டும். ஒரே கணினி, ஒரே பக்கம், இரண்டு நிறம். "பச்சை வந்தால் தொடரவும்" என்று யாராவது எழுதி வைத்திருந்தால் அங்கே என்ன செய்வது?

அப்டேட் ஓடும்போது வருகிற பட்டை இதைவிட ஆபத்தானது. எவ்வளவு முடிந்தது என்று மென்பொருளுக்கே தெரியாதபோது, பட்டைக்கு அளவு எதுவும் கொடுக்காமல் விடுவார்கள். பிரவுசரின் சொந்தப் பட்டை என்றால் ஒரு துண்டு இங்குமங்கும் ஓடும், "வேலை நடக்கிறது" என்று புரியும். ஆனால் அழகுக்காக அந்தத் தோற்றத்தை எடுத்துவிட்டு, குரோமுக்கும் சஃபாரிக்கும் மட்டும் ஸ்டைல் எழுதி விட்டுவிட்டால், ஃபயர்ஃபாக்ஸில் பட்டை முழுக்க நிரம்பியது போல நிற்கும். முடிந்தது என்று நினைத்து டேபை மூடுவோம், உள்ளே டேட்டாபேஸ் பாதி மாறிய நிலையில் இருக்கும். "நிறைவடைந்தது" என்றோ புது வெர்ஷன் எண்ணோ எழுத்தில் வரும்வரை மூடாதீர்கள்.

நீங்கள் கேள்வியின் கடைசியில் சொன்ன பச்சை மேல்நோக்கு அம்பு பிரவுசர் பிரச்சினை இல்லை. "புதுசு வந்திருக்கிறது" என்று சொல்லவும் அதைப் போடுகிறார்கள், "புதுசுதான் இருக்கிறது" என்று சொல்லவும் போடுகிறார்கள். நிறுவியிருக்கும் வெர்ஷன் எண்ணையும், வெளியீட்டுக் குறிப்பில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மென்பொருள் கொடுத்தவர்களுக்குக் கட்டாயம் எழுதுங்கள். நான் எழுதினேன். ஃபான்ட்டை உங்கள் சர்வரிலேயே வைத்துத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு குறிக்குப் பக்கத்திலும் "சரி", "எடுக்கவில்லை" என்று சொல்லாகவும் போடச் சொல்லுங்கள். கூடுதல் சலுகை கேட்பதாக அவர்கள் நினைத்தால், இணையத் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பு 2008-இல் கொண்டுவந்த அணுகல்தன்மை நெறி 2.0-ஐச் சுட்டிக்காட்டுங்கள். நிறத்தை மட்டும் வைத்துத் தகவல் சொல்லக் கூடாது என்பது அதில் 1.4.1, எழுத்தில்லாத குறிகளுக்கு எழுத்து மாற்று வேண்டும் என்பது 1.1.1. பச்சை சிவப்பு பிரித்தறிய முடியாதவர்களுக்கும் திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்களுக்கும் அது நாள்தோறும் தேவைப்படுகிற விஷயம்.

அவர்கள் பதில் வரும்வரை, முதலில் பேக்கப்பைக் கையால் எடுத்து, அந்த ஃபைலின் தேதியையும் அளவையும் பாருங்கள். முடிந்தால் வேறொரு கணினியில் ஒருமுறை மீட்டும் பாருங்கள். இப்போது எங்கள் அலுவலகத்தில் அக்காவே அதைச் செய்து, தேதியை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறார்.