இரண்டு நாள் விடுப்பு, ஒரே ஊர்: பயணக் கேள்வி – பதில்

கேள்வி: ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன், அறுபத்தாறு வயது மாமியார் ஆகியோருடன் நானும் என் கணவரும் வெள்ளி இரவு புறப்பட்டு, திங்கள் காலை வேலைக்குத் திரும்பியாக வேண்டும். நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் தஞ்சாவூரையும் இரண்டு நாளில் காட்டிவிடுவதாக வாடகைக் கார்க்காரர் சொல்கிறார். கையைக் கடிக்காத செலவில் இது முடியுமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: முடியும்; ஆனால் வேண்டாம் என்பேன். திருவெண்காடு கிழக்கே கடலை ஒட்டியும், திருநள்ளாறு காரைக்கால் அருகிலும், திங்களூர் திருவையாற்றுப் பக்கமும் இருக்கின்றன. நண்பகல் வாக்கில் நடை சாத்தினால் மாலை நான்கு மணி அளவில்தான் திறப்பார்கள் என்பதால், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் ஏதாவதொரு கோயில் வாசலில் நிற்கும் காருக்கு வாடகை கொடுத்துக்கொண்டு, தூக்கம் வந்த பிள்ளையைத் தோளில் போட்டபடி நீங்கள் காத்திருக்க நேரும். பட்ஜெட் பயணத்தில் பணம் கரைவது பெரும்பாலும் ரயில் கட்டணத்தில் அன்று. ஊர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதில்தான்.

கும்பகோணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எழும்பூரிலிருந்து இரவில் புறப்படும் உழவன் விரைவு ரயில் விடியற்காலையில் கும்பகோணம் சேர்ந்துவிடும் என்பதால், ஒரு இரவு அறை வாடகை மிச்சமாகிறது. விடுதியைப் பதிவு செய்யும்போது, அறைக்கணக்கு நண்பகலுக்கு நண்பகலா அல்லது உள்ளே நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா என்று கேட்டுவிடுங்கள். விடியற்காலையில் வந்து இறங்கும் குடும்பத்துக்கு இரண்டாவது வகைதான் ஏற்றது. முதல் வகையில், குளித்து உடை மாற்றுவதற்காகவே அரை நாள் வாடகை கூடுதலாகக் கேட்பார்கள்.

சனிக்கிழமை காலையில் மகாமகக் குளம், கும்பேசுவரர், சாரங்கபாணி, இராமசாமி கோயில்கள் ஆகியவற்றை நடந்தே பார்க்கலாம். மாமியாருக்கு மட்டும் ஒரு ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். பகலில் உறக்கம். மாலையில் சுமார் 4 கி.மீ. தொலைவிலுள்ள தாராசுரம். இரண்டாம் இராசராசன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில் 2004-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. சக்கரங்கள் பூட்டிய தேர் போன்ற அதன் முன்மண்டபத்தில் சாய்வெயில் விழும் நேரத்தில் நிற்பதற்காகவே இந்தப் பயணத்தை ஒருவர் மேற்கொள்ளலாம். மறுநாள் சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள தஞ்சாவூருக்குப் பேருந்தில் சென்று பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, இரவில் அங்கிருந்தே புறப்படும் உழவன் ரயிலில் ஏறினால் திங்கள் விடியலில் தாம்பரம்.

அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணமில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கட்டணமில்லை. அதாவது தாராசுரத்துக்கு உங்கள் ஐவரில் சீட்டு வாங்க வேண்டியவர் உங்கள் கணவர் ஒருவரே. ரயிலில், தனிப் படுக்கை கேட்காதவரை நான்கு வயது மகனுக்குச் சீட்டு தேவையில்லை. ஒன்பது வயது மகளுக்குப் படுக்கை இல்லாமல் அரைக் கட்டணம், படுக்கையுடன் முழுக் கட்டணம். இரவுப் பயணம் என்பதால் இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். மூத்தோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆனால் 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. தனியாகவோ இருவராகவோ பதிவு செய்வோருக்கே அது பொருந்தும் என்பதால், மாமியாரின் சீட்டைத் தனியாக எடுக்க வேண்டியிருக்கும். அப்படி எடுத்தால் அவருக்கு வேறு பெட்டி கிடைக்கவும் கூடும் என்பதை வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

கேள்வி: இணையத்தில் எடுத்த சீட்டு காத்திருப்புப் பட்டியலில் 12 என்று காட்டுகிறது. ஏறிவிட்டுப் பரிசோதகரிடம் பேசிக்கொள்ளலாமா?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: கூடாது. பயணிகள் பட்டியல் தயாரான பிறகும் முழுவதும் காத்திருப்பிலேயே இருக்கும் இணையச் சீட்டு தானாக ரத்தாகிப் பணம் உங்கள் கணக்குக்குத் திரும்பிவிடும். அதன்பின் பதிவுப் பெட்டியில் நீங்கள் சீட்டில்லாப் பயணிதான். ஆர்.ஏ.சி. என்று வந்தால் கவலையில்லாமல் ஏறலாம். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இன்னொருவருடன் உட்கார்ந்து பகிர வேண்டும், அவ்வளவே. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 120 நாளுக்குப் பதிலாக 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பழைய கணக்கிலேயே இருப்பவர்கள் நிறையப் பேர். தட்கல் முந்தைய நாள் காலை 10 மணிக்குக் குளிர்சாதன வகுப்புகளுக்கும், 11 மணிக்கு மற்றவற்றுக்கும் திறக்கிறது. இணையத்தில் அதைப் பெற 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். அந்தச் சரிபார்ப்பை 10.58 மணிக்குத் தொடங்காதீர்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர்களான எனக்கும் என் மனைவிக்கும் கூட்டமில்லாத ஒரு கடற்கரை ஊர் வேண்டும். புதுச்சேரியில் வார இறுதி அறை வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.
– வாசகர், நெய்வேலி

பதில்: தரங்கம்பாடிக்குச் செல்லுங்கள். நெய்வேலியிலிருந்து சிதம்பரம் வந்துவிட்டால், அங்கிருந்து சீர்காழி, திருக்கடையூர் வழியாகக் காரைக்கால், நாகப்பட்டினம் செல்லும் பேருந்துகள் தரங்கம்பாடியைத் தொட்டுத்தான் போகின்றன.

தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் பெற்று டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்பர்க் கோட்டை, கடலைப் பார்த்தபடி மங்கிய மஞ்சள் நிறத்தில் இன்றும் நிற்கிறது. ஊரின் நுழைவாயிலிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ராஜவீதியில் 1701-ஆம் ஆண்டின் சீயோன் ஆலயமும், 1718-இல் முடிந்த புதிய எருசலேம் ஆலயமும் இருக்கின்றன. 1706-இல் இங்கு வந்திறங்கித் தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருப்பது பின்னதில்தான். ஆசிரியர்களாக இருந்த உங்களுக்கு, அயல்நாட்டார் ஒருவர் நம் மொழியைக் கற்ற இந்தத் தெருவில் நடப்பது தனி மகிழ்ச்சி தரும் என்று நினைக்கிறேன். 1845-இல் டேனிஷ்காரர்கள் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். துறைமுகப் பரபரப்பும் அவர்களோடு போய்விட்டதால்தான் நீங்கள் தேடும் அமைதி இன்று இங்கே கிடைக்கிறது.

கோட்டைக்குச் சற்று வடக்கே, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் கடலரிப்பில் பெரும்பகுதியை இழந்திருக்கிறது. இங்கே குளிக்க இறங்காதீர்கள். பாறைகள் கிடக்கின்றன, அலையும் முரட்டுத்தனமானது.

ஊருக்குள் பழைய டேனிஷ் கட்டடங்களிலுள்ள விடுதிகள் அழகானவை, ஆனால் மலிவானவை அல்ல. மயிலாடுதுறையிலோ காரைக்காலிலோ நடுத்தர விடுதியில் தங்கி, இரண்டு நாளும் காலையில் பேருந்தில் வந்து போவதே சிக்கனமானது. வீதியில் நிழல் குறைவு; பத்து மணிக்குள் சுற்றி முடித்துவிட்டு, மாலையில் மறுபடியும் கடலோரம் வாருங்கள். உணவகங்களும் சிலவே என்பதால் மதியச் சாப்பாட்டைத் திருக்கடையூரிலோ காரைக்காலிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தனியாகப் பயணம் செய்பவன். காலையில் இறங்கி, இரவு ரயிலில் திரும்பும் நாட்களில் அறை எடுக்காமல் சமாளிக்க வழி உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: உண்டு. பெரிய நிலையங்களில் ஓய்வறைகளும், பலர் தங்கும் கூடங்களும் உள்ளன. உறுதியான அல்லது ஆர்.ஏ.சி. சீட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலேயே பதிவு செய்யலாம்; நிலையத்தைப் பொறுத்து மணிக்கணக்கிலும் எடுக்கலாம். கூடத்தில் ஒரு படுக்கையின் வாடகை வெளியிலுள்ள பெரும்பாலான விடுதிகளைவிடக் குறைவாகவே இருக்கும்.

சுமையைப் பொருள் வைப்பறையில் விடலாம். அதற்குப் பயணச்சீட்டைக் காட்ட வேண்டும். பையும் பூட்டியிருக்க வேண்டும். பூட்டில்லாத தோள்பையுடன் ஒருமுறை போய் நின்று, நிலைய வாசலில் இருமடங்கு விலைக்கு ஒரு சிறு பூட்டு வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு. அந்தப் பூட்டு இன்னும் என் பையிலேயே தொங்குகிறது.

கேள்வி: மூன்று முறை முயன்றும் உதகை மலை ரயிலில் இடம் கிடைக்கவில்லை. வேறு வழி?
– வாசகி, சேலம்

பதில்: எல்லாரும் கேட்பது காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்தில் புறப்படும் ரயிலை. 46 கி.மீ. தூரத்தை அது ஏறி முடிக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். உங்களுக்கு வேண்டியது நீராவி எஞ்சினும் பற்சக்கரப் பாதையும் என்றால், அவை மேட்டுப்பாளையம் – குன்னூர் பகுதியில் மட்டுமே உள்ளன. எனவே பேருந்தில் மேலே சென்று, பிற்பகலில் உதகையிலிருந்து இறங்கும் ரயிலுக்கு முயலுங்கள். அதே பாதை, நேரமும் குறைவு. பெரும்பாலோர் ஏறுவதையே விரும்புவதால் இறங்கும் ரயிலில் சற்று எளிதாக இடம் கிடைப்பது என் அனுபவம். குழந்தைகளுக்கு ரயிலைக் காட்டினால் போதும் என்றால், குன்னூர் – உதகை இடையே ஓடும் டீசல் ரயிலே போதுமானது. பள்ளத்தாக்குகளைவிடத் தேயிலைத் தோட்டங்களையே அதில் அதிகம் பார்ப்பீர்கள்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மண்சரிவால் ரயில் ரத்தாவது வழக்கம். ரயில்வே ரத்து செய்தால் கட்டணம் முழுவதும் திரும்பும், விடுதிப் பணம் திரும்பாது. ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கட்டணமின்றி ரத்து செய்ய இடம் தரும் அறையையே பதிவு செய்யுங்கள். சொந்தக் காரில் செல்வதாக இருந்தால், 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறையிலுள்ள இ-பாஸை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் செல்வோருக்கு அது வேண்டியதில்லை. மாவட்ட எல்லைச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால், வீட்டிலிருந்தே எவர்சில்வர் புட்டியில் தண்ணீர் கொண்டு செல்லுங்கள்.